கால் அசந்துருச்சு என்று சொன்ன அண்ணனுக்கு

பதினெட்டு வருடம் என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகர் அண்ணே,

நலமா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கேட்காமல் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அங்கே பால் போடாத கோப்பி ஓ கிடைக்கிறதா? சீனியைக் குறைத்துப் போடச் சொல்ல அங்கேயும் யாராவது இருக்கிறார்களா?

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டில் சாந்தி அக்காவிடம் சொல்லிவிட்டு, பண்டமாரானிலிருந்து மருத்துவமனை வரைக்கும் நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போனீர்களாம். போய்ச் சேர்ந்ததும் ஒழுங்காகப் பார்க்கிங் கோட்டுக்குள் நிறுத்தினீர்களாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோட்டுக்குள் நிறுத்தியதைக் கேட்டபோது, அழுகைக்கு நடுவிலேயும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணே. அது அப்படியே நீங்கள்.

முதலில் இங்கத்திய செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நம் இசைக்குழுவின் வேன் இன்னும் ஓடுகிறது. மோகன்தான் ஓட்டுகிறான். கீபோர்டு வாசிக்கிறவனுக்கு ஸ்டீயரிங் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். உங்கள் டிரம்ஸை நவீன் என்ற பையன் வாசிக்கிறான். இருபத்தாறு வயது, பூச்சோங்கிலிருந்து வருகிறான், அருமையான கை. உங்கள் ஸ்டூலை அவன் இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் கால் நீளம்.

முதல் நாள் அவன் உங்கள் கம்பளத்தை விரித்தான். டிரம்ஸின் ஒவ்வொரு காலுக்கும் நீங்கள் ஒட்டி வைத்திருந்த கறுப்பு டேப் அப்படியே இருந்தது. கம்பளத்தின் இடது ஓரத்தில் மட்டும் மஞ்சள் டேப்பில் ஒரு பெருக்கல் குறி. "அக்கா, இங்க என்ன ஸ்டாண்ட் வைக்கணும்?" என்று கேட்டான். "ஸ்டாண்ட் இல்ல தம்பி. அது நான் நிக்கிற இடம்" என்றேன்.

ஆமாம் அண்ணே, நான் நிற்க வேண்டிய இடத்தைக்கூட நீங்கள்தான் குறித்து வைத்திருந்தீர்கள். ஹைஹாட்டுக்குப் பக்கத்தில், உங்கள் இடது கால் எனக்குத் தெரிகிற இடம். ஹைஹாட் என்றால் என்ன என்று அச்சில் இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தட்டுகள். இடது காலால் மிதித்தால் மூடிக்கொள்ளும், காலை எடுத்தால் திறக்கும். அதன் பக்கத்தில்தான் என் பேஸ் கிட்டாரும் நானும் பதினெட்டு வருடம் நின்றோம். கல்யாண விருந்து, பள்ளிக்கூட விழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி, தேவாலய நிதி விருந்து என்று எங்கே போனாலும் அந்தக் கம்பளமும் அந்த மஞ்சள் குறியும் கூடவே வந்தன.

வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் போர்ட் கிள்ளானிலிருந்து கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லோரி ஓட்டினீர்கள். சனி, ஞாயிறு என்றால் டிரம்ஸ். நான் வாரம் முழுவதும் கிள்ளானில் ஓர் இசைக்கருவிக் கடையின் மாடியில் பிள்ளைகளுக்குப் பேஸும் கிட்டாரும் சொல்லிக்கொடுத்தேன், வாரக் கடைசியில் வாசித்தேன். என் பிழைப்பு அன்றும் இன்றும் இந்த நான்கு கம்பிதான். பேஸ் வாசிக்கிறவளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பாடகியைப் பார்ப்பார்கள், கீபோர்டைப் பார்ப்பார்கள். பேஸ் நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் குச்சியை எடுத்தீர்கள்.

உங்களிடம் நான் ஆசையாகப் பார்த்த விஷயங்கள் எத்தனையோ. யாரும் வருவதற்கு முன்னால் வந்து, கம்பளம் விரித்து, ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவீர்கள். குச்சியைச் சுழற்றி வித்தை காட்டியதே இல்லை. மணப்பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது பாட்டை அவள் நடைக்குத் தகுந்தபடி வாசிப்பீர்கள். பத்து முழப் புடவையில் தடுக்கித் தடுக்கி வருகிறவளுக்கு ஒரு மாதிரி, தோழிகளோடு ஆடிக்கொண்டு வருகிறவளுக்கு வேறு மாதிரி. அவள் மேடைப் படியில் கால் வைக்கவும் பாட்டு முடியவும் சரியாக இருக்கும். வீடியோ எடுக்கிறவர்கள்கூட உங்களைத்தான் முதலில் தேடி வந்து, "அண்ணே, எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

உங்களுக்கு 'லோரி அண்ணன்' என்று பெயர் வைத்தது நான். மறந்திருக்கமாட்டீர்கள். ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணம் முடிந்து, நீங்கள் ஓட்ட, வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு உங்கள் மேல் எரிச்சல். நான் பாட்டை நன்றாகக் கொண்டுபோகும்போதெல்லாம், சரணம் முடிகிற இடத்தில் நீங்கள் ஹைஹாட்டை ஒரு முறை 'ஸ்ஸ்' என்று திறந்து மூடுவீர்கள். உடனே பாட்டு கொஞ்சம் கனத்துப்போகும்.

"என்னண்ணே, நான் வண்டிய ஓட்டுறேன், நீங்க பிரேக்கைப் போடுறீங்க. பாட்டுலயும் லோரிதானா?" என்றேன்.

வேன் முழுக்கச் சிரிப்பு. மோகன் வாயாலேயே 'ஸ்ஸ்' என்று லோரி பிரேக் சத்தம் போட்டுக் காட்டினான். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"கால் அசந்துருச்சு லா. பகல் பூரா கிளட்ச் மிதிச்ச காலு."

அன்றிலிருந்து நீங்கள் லோரி அண்ணன். மேடையில் பாட்டு கொஞ்சம் இழுத்தால் மோகன் மைக்கிலேயே சொல்வான், சபை சிரிக்கும். நீங்களும் குச்சியைத் தூக்கிக் காட்டி, "கால் அசந்துருச்சு லா" என்பீர்கள். எனக்கோ நேரெதிரான பெயர். "விமலா இருந்தா டைமிங்குக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிப் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் மற்ற குழுக்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில்தான் என் பிழைப்பு ஓடியது. எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. சேகர் அண்ணன் இழுத்தாலும் நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள் அண்ணே.

மெந்தகாப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? காராக் மலை இறக்கத்தில் ஒரு டிரெய்லர் எங்களுக்கு முன்னால் ஆமை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் இப்படி ஊர்கிறான் என்று நான் முணுமுணுத்தேன்.

நீங்கள் சொன்னீர்கள்: "பின்னால சுமை இருக்கு பாரு விமலா, அது நம்மளத் தள்ளிக்கிட்டே இருக்கும். பிரேக்கை ஒரேயடியா மிதிச்சா கண்டெய்னர் நம்ம மேலயே வந்துரும். கியரைக் குறைச்சு, விட்டு விட்டுப் பிடிக்கணும். பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியவே கூடாது. அதான் டிரைவிங்."

நான் லோரி ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

நவீன் வந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் அந்த மூன்றாம் மாடி ஸ்டூடியோவில்தான் ஒத்திகை. மின்தூக்கி இன்னும் பழுதாகத்தான் கிடக்கிறது. நவீன் காதுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கரை மாட்டிக்கொள்வான். அதில் கணினியிலிருந்து 'டிக் டிக்' என்று கிளிக் வரும். அதைக் கேட்டுக்கொண்டுதான் வாசிப்பான். இரண்டாவது பாட்டிலேயே எனக்குப் பொறுக்கவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"தம்பி, இழுக்குற. ரொம்ப இழுக்குற."

"இல்லக்கா, கிளிக்லதான் இருக்கேன்."

"எனக்குப் பதினெட்டு வருஷ அனுபவம்பா. இழுக்கிறது எனக்குத் தெரியாதா?"

அவன் காதிலிருந்து அதைக் கழற்றி, சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினான். "ஒரு தடவ கேட்டுக்கிட்டே வாசிச்சுப் பாருங்கக்கா" என்றான். மாட்டிக்கொண்டேன். முதல் எட்டு எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு 'டிக்'கும் எனக்குப் பின்னால் வந்தது. பாட்டு முடிகிற நேரத்தில் நான் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தேன், கிளிக் வேறெங்கோ இருந்தது. நான் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். மோகன் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தான். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நவீன் எதுவுமே நடக்காததுபோல் ஸ்நேர் டிரம்மின் திருகைத் திருகிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற ரயிலில், பழுது கிளிக்கில்தான் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் வாதாட நிறைய நேரம் இருக்கிறதே.

சாந்தி அக்கா உங்கள் பொருள்களைப் பிரித்தபோது, ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்திருந்தார். "இதெல்லாம் நீயே வச்சுக்கோ லா, எனக்கு ஒன்னும் புரியாது" என்றார். ஹைஹாட் ஸ்டாண்டில் தொங்கவிடுவீர்களே, அந்தச் சின்ன ரெக்கார்டர். அதோடு வருடவாரியாகச் சீட்டு ஒட்டிய மெமரி கார்டுகள். அழுகை வருமே என்று நான் திறக்காமலே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் திறந்தேன்.

ஜெஞ்சாரோம் கல்யாணத்தைத்தான் முதலில் போட்டேன். பாட்டு தொடங்குகிற வேகத்தைக் கைப்பேசியில் கிளிக்காக வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். பல்லவி கிளிக்கோடு போகிறது. சரணத்தில் என் பேஸ் மெல்ல மெல்ல முன்னால் போகிறது. நீங்கள் என்னைத் தனியே விடாமல் கூடவே கொஞ்ச தூரம் வருகிறீர்கள். சரணத்தின் முடிவில் 'ஸ்ஸ்'. ஒரே ஒரு முறை. பாட்டு மறுபடியும் கிளிக்கோடு வந்து நிற்கிறது. அடுத்த சரணத்தில் நான் திரும்பவும் ஓடுகிறேன், நீங்கள் திரும்பவும் கூட்டிவருகிறீர்கள்.

அடுத்த கார்டைப் போட்டேன். அதற்கடுத்த கார்டையும். எல்லா வருடத்திலும் அதேதான் அண்ணே. நீங்கள் ஒரு நாளும் இழுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் ஓடியிருக்கிறேன். பிடித்துக்கொண்டு இறங்கியவர் நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர்கிறான் என்று முணுமுணுத்தவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேனில் எல்லோரும் சிரித்தபோதாவது, "ஓடுறது நீதான் விமலா" என்று ஒரு முறை சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் கிளிக்கோடு உட்காருகிறேன். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை நான் படித்தேன். முதலில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கிளிக். பிறகு இரண்டுக்கு ஒன்று. பிறகு எட்டு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு 'டிக்', நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த ஒன்று வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும். முதல் வாரம் ஒரு தடவைகூட இல்லை. என் வீட்டுக்காரர் பசியாறிக்கொண்டே, "என்ன இது, வீட்டுல பாம் ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

ஒன்று கண்டுபிடித்தேன். நான் எல்லா இடத்திலும் ஓடுவதில்லை. எனக்குப் பிடித்த இடங்களில்தான் ஓடுகிறேன். மெட்டு மேலே ஏறுகிற இடம், பாடகி நன்றாகப் பாடுகிற இடம், சபை கைதட்ட ஆரம்பிக்கிற இடம். சந்தோஷம் வந்தால் என் விரல் காத்திருப்பதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? நான் சிரித்துக்கொண்டு வாசிக்கும்போதெல்லாம் உங்கள் இடது கால் தயாராக இருந்திருக்கும்.

இதற்கிடையில் மோகன் ஒரு திட்டத்தோடு வந்தான். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களின் மதிய விருந்து. வருடா வருடம் நாம் வாசிக்கிற அதே மண்டபம், உங்களைத் தெரிந்த அதே முகங்கள். சாந்தி அக்காவையும் முன்வரிசைக்கு அழைத்திருந்தார்கள். "சேகருக்கு ஒரு பாட்டு சமர்ப்பணம் பண்ணுவோம். 'லோரி அண்ணன் ஸ்பெஷல்'. கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசில 'ஸ்ஸ்'னு நிறுத்துறோம். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் இருந்தா அவனே சிரிப்பான் லா" என்றான்.

மோகன் கெட்டவன் இல்லை. உங்களை நினைத்தால் அவனுக்கு அழத் தெரியவில்லை, சிரிக்கத்தான் தெரிகிறது. ஒத்திகையில் அதை இரண்டு முறை வாசித்தோம். இரண்டு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று உங்களிடம் மறைக்கமாட்டேன். 'விமலா இருந்தா டைமிங்குக்குக் கவலையே இல்ல' என்ற பெயரைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? அது போனால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? மடிக்கணினியே பேஸும் வாசித்துவிடுகிற காலத்தில், ஓடுகிற பேஸ்காரி எதற்கு?

விருந்து நாள் வந்தது. கோழிக் குருமாவும் பாயசமும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சாந்தி அக்கா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோகன் மைக்கை எடுத்தான்.

"அடுத்தது நம்ம சேகருக்கு. எங்க லோரி அண்ணன். மேல போகும்போதுகூட மெதுவாத்தான் போயிருப்பாரு..."

மண்டபம் சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். அக்காவும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைப்பையைப் பார்த்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை அண்ணே. மஞ்சள் குறியை விட்டு நகர்ந்து பாடகியின் மைக்குக்குப் போனேன். மேடையில் நான் மைக்கில் பேசியதே இல்லை.

"மோகன், ஒரு நிமிஷம். அந்தப் பேரை வச்சது நான். நான் ஒன்னு சொல்லணும். சேகர் அண்ணன் ஸ்லோ இல்ல. நான்தான் ஓடுவேன். பதினெட்டு வருஷமா ஓடியிருக்கேன். அவருதான் என்னைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாட்டை ஒழுங்கா கொண்டுவந்து விட்டாரு. ரெக்கார்டிங்கெல்லாம் எங்கிட்ட இருக்கு, யாரு வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நீங்க எல்லாரும் என் டைமிங் நல்லாருக்குன்னு சொன்னீங்கல்ல, அது என்னோடது இல்ல. அவரோடது."

பரிமாறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். மோகன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு கிளிக் வருகிற மடிக்கணினியை மூடினான். "அப்ப எந்தப் பாட்டு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அண்ணன் எப்பவும் கடைசில வாசிக்கச் சொல்வாரே, அந்தப் பழைய பாட்டு. கம்ப்யூட்டர் வேணாம்" என்றேன்.

நவீனின் முகம் வெளுத்துப்போனது. பாவம், காதில் கிளிக் இல்லாமல் அவன் மேடையில் வாசித்ததே இல்லையாம். எனக்கு அப்போது அது தெரியாது. எண்ணிக்கை கொடுத்தான், ஆரம்பித்தோம். பல்லவி நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் சபை கைதட்ட ஆரம்பித்தது. பயத்தில் அவன் ஓட ஆரம்பித்தான். எனக்கு அந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் நான் ஓடிய அதே ஓட்டம்.

பழக்கத்தில் உங்கள் இடது காலைத் தேடினேன். அங்கே நவீனின் கால் மிதியை அழுத்தியபடியே உறைந்திருந்தது. அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. பொடி ஸ்வரங்களை எல்லாம் விட்டுவிட்டேன். கீழ்க்கம்பியில் நீளமான ஸ்வரங்களை மட்டும், ஒவ்வொன்றையும் கொஞ்சம் பின்னால் வைத்தேன். ஒரேயடியாகப் பிடிக்கவில்லை. அவனோடு கூடவே கொஞ்ச தூரம் போனேன், அப்புறம் விட்டு விட்டுப் பிடித்தேன். சரணம் முடிகிறபோது அவன் தோள் இறங்கியது. பாட்டு தன் இடத்துக்கு வந்து நின்றது. அந்த நான்கு நிமிடம் நான் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன் அண்ணே. எவ்வளவு கஷ்டமான வேலை அது! அதை இத்தனை வருடம், முகத்தில் ஒன்றும் தெரியாமல், பகல் முழுக்கக் கிளட்ச் மிதித்துவிட்டு வந்து எப்படிச் செய்தீர்கள்?

முடிந்ததும் சாந்தி அக்கா மேடைக்குப் பக்கத்தில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் விமலா. அவரு வீட்டுக்கு வந்து சொல்லுவாரு. 'இன்னைக்கு விமலா பறந்துட்டா. அவ ஓடுறதுலதான் பாட்டுக்கு உசிரே இருக்கு. பிடிச்சுக்கிறது என் வேலை'ம்பாரு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லவே இல்ல? அத்தன பேரு சிரிச்சாங்களே."

"நானும் கேட்டேன் லா. 'சொன்னா பயந்துருவா. பயந்துக்கிட்டு வாசிச்சா கேக்க நல்லா இருக்காது, விடு'ன்னுட்டாரு."

அப்போதுதான் நான் அழுதேன். பாயசக் கிண்ணத்தோடு வந்த ஒரு பெரியவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நாற்காலி போட்டார்.

சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நவீன் குனிந்து கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மோகன் ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டே வந்தான். கோபமா இல்லையா என்று தெரியவில்லை, ஆனால் அவன் கிண்டல் திரும்பி வந்திருந்தது.

"நீ ஓடுறவன்னு இப்பத்தான் மைக்குல சொன்ன. அடுத்த நிமிஷமே ரெண்டாவது சரணத்துல அப்படி இழுக்குற! மாட்டு வண்டி மாதிரி. என்னாச்சு விமலா?"

நவீனின் கை கம்பளத்தின் மேல் அப்படியே நின்றது. அவன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"விரல் அசந்துருச்சு லா" என்றேன்.

மோகன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நவீன் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அக்கா, அந்த மஞ்சள் டேப் உரிஞ்சிருக்கு. புதுசு ஒட்டவா?" என்று கேட்டான். ஒட்டச் சொன்னேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறாயே, அவன் படித்துவிடமாட்டானா என்று கேட்பீர்கள். நவீன் சீனப் பள்ளியில் படித்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மோகன் வாசிப்பான். வாசிக்கட்டும். டேய் மோகன், வாயை மூடிக்கொண்டு இரு.

நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஷா ஆலம் குழு அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை. உங்களுடையதை உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் எனக்கு வருகிற பெயராவது என்னுடையதாக இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. சந்தோஷம் வந்தால் ஓடுவேன், அதை விடமாட்டேன், உங்களுக்குப் பிடித்தது அது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் கிளிக்கோடு உட்காருவதையும் விடமாட்டேன். என் பக்கத்தில் யார் பயந்து ஓடினாலும் கூடவே கொஞ்ச தூரம் போய்க் கூட்டிவருவேன். யார் கேட்டாலும், விரலைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
ஹைஹாட்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் குறியில் நிற்கும்
உங்கள் தங்கை
விமலா